ஐந்து குதிரைகள்

நாட்டிங்காமில் தமக்கை வீட்டில் தங்கியிருந்தபோது, அவள் பிள்ளை என்னை ஒரு மகாயுத்தத்தில் இழுத்துவிட்டான். ரணகளம், சாப்பாட்டு மேஜை. ஆட்டத்தின் பெயர் வார்ஹாமர், 1983-இல் பிறந்தது. 2015-இல் நிறுத்தி, 2024-இல் 'பழைய உலகம்' என்று திரும்பக் கொண்டுவந்தார்கள். அவனுக்கோ பழைய விதிகள்தான் வேதம்.

என் கனத்த கவசக் குதிரைப்படை அவன் பீரங்கிகளை நோக்கிப் புறப்பட்டது. அவன் லேசான குதிரை வீரர்கள் ஐந்தே பேரைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே, கோணலாக நிறுத்தினான். பாயாவிட்டால் வழி மறிபடும். 'பயலுக்குப் புத்தி கெட்டுவிட்டது' என்று பாய்ந்தேன்.

பாய்கிற படை, எதிரி நிற்கும் சாய்வுக்குத் தக்கபடி முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டுமாம். ஐவரும் மாண்டார்கள். வெற்றி வேகத்தில் என் வீரர்கள் நேரே ஓடினார்கள், பீரங்கிகளை விட்டு ஜன்னல் பக்கமாக! திரும்பி வருவதற்குள் விலாவில் அடி விழுந்தது.

ஜெயித்தவன் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். அந்த ஐவருக்கும் ஒரு மாதம் உட்கார்ந்து வர்ணம் தீட்டியவன் அவன்.

"மாமா, கதையிலே சின்னப் பாத்திரங்களைச் சாகடிக்கறீங்களே, கஷ்டமா இருக்காதா?" என்றான்.

கதாநாயகியின் மனம் திரும்ப வேண்டுமென்று, ஒரு நாவலில் வேலைக்காரக் கிழவியை நாலே வரியில் சாகடித்திருக்கிறேன். அவளுக்குப் பெயர்கூட வைக்கவில்லை.

அவன் ஐவருக்கும் பெயர் வைத்திருந்தான். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிப் பஞ்சுப் பெட்டியில் படுக்க வைத்தான். நான் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.