முதல் தேர்வு

எஸ்டிபிஎம் முடிவு வந்ததும், யூபியூ விண்ணப்பத்தில் முதலாவதாக இருந்த கணக்கியலை எடுத்துவிட்டு, மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையைப் போட்டேன். மேரு வீட்டில் இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் அப்பா கேட்டார்: "தமிழ் படிச்சி என்னா வேலைக்குப் போவ? வீட்டுக்கடன யாரு கட்டறது?"

நியாயமான கேள்வி. என்னிடம் சம்பளக் கணக்கு இல்லை. 1950களில் அந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டி, கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டியதைச் சொன்னேன். சாதாரணத் தொழிலாளிகளும் கொடுத்த காசு அது. 1956இல் துறை தொடங்கியது.

"நம்ம மாதிரி வீட்டுப் புள்ளைங்களுக்காகத்தானேப்பா குடுத்தாங்க?"

கொஞ்ச நேரம் கழித்து, "அக்கவுண்டிங்க ரெண்டாவதா போடு" என்றார்.

போட்டேன். அவர் கேள்வி இன்னும் தீரவில்லை.