கர்ணனுக்கு ஒரு நாள் லீவு

மார்ச் கணக்கு முடிந்து ஆபீசே மூச்சு விடுகிற நேரத்தில்தான் எங்கள் பக்கம் பாரதம் களை கட்டும். பங்குனி, சித்திரையில் ஆரம்பித்து ஆடி வரைக்கும் ஆரணி, செய்யாறு, வந்தவாசி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி விடிய விடியத் தெருக்கூத்து. எனக்கு ஊர் களம்பூர். 'அது எங்கே சார்?' என்பவர்கள் வீட்டுப் பொன்னி அரிசி மூட்டையைத் திருப்பிப் பார்க்கவும். ரயிலில் 'ஆரணி ரோடு' என்று ஒரு ஸ்டேஷன் வருமே, அதுவும் எங்கள் ஊரில்தான்!

இந்த வருஷ நோட்டீஸ் கைக்கு வந்துவிட்டது. வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம்... கடைசி நாள் காலையில் படுகளம். மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் மல்லாந்து கிடப்பார். பாஞ்சாலி கூந்தல் முடிவாள். சாயந்திரம் தீமிதி.

நான் பி.காம். வரவு செலவு பார்க்காமல் இருக்க முடியாது. கைவசம் கேஷுவல் லீவு இரண்டு, கூத்து ஏழு ராத்திரி. துண்டு விழுகிறது! தபசு பார்த்தால் அர்ச்சுனன் உயர்ந்த மரத்தில் பாடிக்கொண்டே ஏறி எலுமிச்சம்பழம் வீசுவார். பிள்ளை வரம் கேட்பவர்கள் மடியேந்தி நிற்பார்கள். துகிலை விடவும் மனசில்லை. பட்டு நெய்கிற ஊர்க்காரர்கள் அல்லவா? ஒரு வருஷம் கட்டியக்காரர், "சாமி, இத்தினி கெஜம் உட்டியே, நெசவாளிக்குக் கூலி குட்தியா?" என்று கிருஷ்ணனைக் கேட்க, தறிக்காரர்கள் விசில் அடங்க அஞ்சு நிமிஷம் ஆயிற்று.

இந்த லட்சணத்தில், தெருக் கூட்டத்தில் ஒரு குண்டு. "யார் சார் விடிய விடிய முழிக்கிறா? கர்ண மோட்சத்தைப் பன்னெண்டு மணிக்கு முடிச்சுட்டு லைட் மியூசிக் வெச்சுக்கலாம்" என்றார்கள் சில இளவட்டங்கள்.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் கூத்துக்காரர்களுக்கு இந்தச் சில மாச ராத்திரிகள்தான் வருஷச் சம்பாத்தியம். 2020-இல் கொரோனா வந்து சீசனே படுத்தபோது எத்தனை வீட்டில் அடுப்பும் படுத்தது! செய்யாறு பக்கத்துப் புரிசையிலிருந்து கண்ணப்ப தம்பிரான் இந்தக் கூத்தைக் கடல் கடந்து கொண்டு போனார். காஞ்சிபுரம் அருகே பி. ராஜகோபால் 2002-இல் குருகுலமே ஆரம்பித்து, பெண் பிள்ளைகளுக்கும் கட்டைக்கூத்து கற்றுக் கொடுத்தார். அவ்வளவு பெரிய சரக்கை நாம் பாதி ராத்திரியில் பஸ் ஏற்றி அனுப்புவதா?

நான் புள்ளிவிவரத்தோடு தொண்டையைக் கனைப்பதற்குள் அப்பா எழுந்தார். நாற்பது வருஷம் தறிக்குழியில் கால் வைத்தவர். கூட்டத்தில் வாயே திறக்காதவர்.

"இன்னாப்பா பேசுறீங்க? கர்ணன் சாவுறது விடியக்காலம். பன்னெண்டுக்கே உட்டுட்டா, பண்ண புண்ணியத்தையெல்லாம் அவன் எப்போ தாரை வாக்கிறது? முந்தி நெய்யாம அறுத்த பொடவைய எவனாவது வாங்குவானா?"

அவ்வளவுதான். கூட்டம் கப்சிப். லைட் மியூசிக்குக்குத் தனி ராத்திரி, கர்ணனுக்கு முழு ராத்திரி, வீட்டுக்கு நூறு ரூபாய் வரி கூடுதல் என்று தீர்மானம் ஆயிற்று. முதல் நூறு, 'எடுத்துக் குடுறா' என்ற அப்பாவின் ஒரு பார்வையில் என் பாக்கெட்டிலிருந்து போனது.

லீவு லெட்டரில் 'சொந்த ஊரில் ஒரு மரணம்' என்று எழுதினேன். மானேஜர் பதறிப்போய், "யாருப்பா?" என்றார்.

"கர்ணன் சார்."

"நெருங்கின சொந்தமா?"

"எங்க ஊருக்கே சொந்தம் சார்!"

கையெழுத்துப் போட்டுவிட்டார்.