கால் மரத்துப்போனால் சர்க்கரைதானா?

எழுபதைக் கடந்தவர்கள் நாலு பேர் மதுரையில் ஓரிடத்தில் கூடினால் பேச்சு மாத்திரையில்தான் போய் நிற்கும். கூடவே கால் எரிச்சல், பாதத்தில் மதமதப்பு. "சர்க்கரை நரம்புக்குப் போயிருச்சு" என்று அவர்களே தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். பல நேரம் அது சரிதான். ஆனால் எல்லா நேரமும் அல்ல.

நம்மில் பலர் சாப்பிடும் சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின். 1957-ல் பாரிஸில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் இதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து முடிவுகளை வெளியிட்டார். அங்கே வைத்த பெயர் 'குளுக்கோஃபாஜ்'. பிரெஞ்சு வழியில் படித்த எனக்குப் பெயரைக் கேட்டதுமே பொருள் விளங்கியது: குளுக்கோஸைத் தின்பது. உண்மையில் அது தின்பதில்லை. கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் விடுவதைக் குறைக்கிறது. விலை குறைந்த நல்ல மருந்து.

ஆனால் பல வருடம் சாப்பிடும்போது, உணவிலுள்ள பி12 வைட்டமினை உடல் உறிஞ்சுவது சிலருக்குக் குறைந்துவிடும். காலையில் வெறும் வயிற்றில் போடும் பேன்டாப்பிரசோல் போன்ற அமில மாத்திரைகளும் நீண்ட நாள் சாப்பிட்டால் அதையே செய்யும். கல்லீரலில் சில வருடத்துக்கான இருப்பு உண்டு. அது கரையும் வரை ஒன்றும் தெரியாது. பிறகு பாதம் மரத்துப்போகும், நடை தள்ளாடும், மறதி வரும். இவற்றைச் சர்க்கரையின் கணக்கிலோ வயதின் கணக்கிலோ எழுதிவிடுகிறோம். நெடுநாள் கவனிக்காமல் விட்டால் நரம்புச் சேதம் முழுதாகச் சரியாகாமலும் போகலாம்.

இதில் நம் பத்தியமும் சேர்ந்துகொள்கிறது. சர்க்கரை என்றதும் பாலை நிறுத்துகிறோம். கொழுப்புக்குப் பயந்து முட்டையையும் கறியையும் விடுகிறோம். பி12 இருப்பதோ பால், தயிர், முட்டை, மீன், கறியில்தான். ஆட்டு ஈரலில் மிக அதிகம். கம்பங்கூழும் முருங்கைக்கீரையும் நல்லவைதான், ஆனால் அவற்றில் பி12 கிடையாது. ஒரு நாளைக்கு வேண்டியது இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய ஒன்று கிடைக்கும்.

அதற்காக மெட்ஃபார்மினை நிறுத்திவிடாதீர்கள். கட்டுப்பாடில்லாத சர்க்கரை கண்ணையும் சிறுநீரகத்தையும் சேர்த்தே கெடுக்கும். சீனி போடாத பாலையும் தயிரையும் ஓர் அளவோடு வைத்துக்கொள்ளலாமா, முட்டை எத்தனை சாப்பிடலாம், அமில மாத்திரை இன்னும் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சிறுநீரகக் கோளாறோ யூரிக் அமிலமோ உள்ளவர்கள் ஈரலைத் தொடும் முன்பும் கேட்க வேண்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீடு தேடியே வருகிறது. வசதிதான். ஆனால் மாத்திரை வந்துவிட்டது என்று பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. அடுத்த முறை சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கும்போது, "பி12-ம் பார்க்கலாமா?" என்று கேட்டுவிடுங்கள். குறைவு என்று தெரிந்தால் மாத்திரையிலோ ஊசியிலோ ஈடு செய்துவிடலாம்.