பன்னிரண்டு வோல்ட்

தில்லியில் நாங்கள் வாழும் அரசுக் குடியிருப்பில் மூன்று மாடிகளுக்கும் ஒரே படிக்கட்டு. அதன் விளக்கை மாலையில் ஏற்றி விடியலில் அணைக்கத் தானியங்கிப் பெட்டியொன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் பொருத்தினோம். சென்ற மார்கழிப் பனியில் அது 'டிக், டிக்' என்று அடித்துக்கொள்ளத் தொடங்கியது. விளக்கு மின்னி மின்னி அணைந்தது. மேல்மாடிப் பஞ்சாபி மூதாட்டி இருளில் படி தவறி மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.

வரலாற்றில் பி.ஏ. பட்டம் பெற்று, கோப்புகளோடு காலம் கழிக்கும் குமாஸ்தா நான். எனினும் ஓய்வு நேரத்தில் வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்ப்பவன் என்ற பெயர் உண்டு. ஆகவே பெட்டி என் மேசைக்கு வந்தது.

உள்ளே மின்மாற்றி இல்லை. ரிலேயை இயக்க 12 வோல்ட் போதும். அதைக் குறைந்த செலவில் பெற, ஒரு மின்தேக்கியின் வழியே மின்சாரத்தை மட்டுப்படுத்தி, நான்கு டையோடுகளால் நேர்மின்சாரமாக்கி, ஜீனர் டையோடால் வரம்பு கட்டியிருந்தார்கள். இணைப்புக் கொடுத்து மீட்டரை வைத்தேன். ரிலே ஓய்ந்திருந்த நொடியில் சரியாக 12 வோல்ட் காட்டியது. ரிலேதான் கெட்டது என்று முடிவு கட்டிப் புதியதை மாற்றினேன். அதுவும் 'டிக், டிக்' என்றது.

அருகில் நின்ற என் மகன், "அப்பா, நான் தொட்டுப் பார்க்கலாமா?" என்றான்.

"பன்னிரண்டு வோல்ட்தானே, ஒன்றும் செய்யாது" என்றேன்.

அவன் கை நீளுமுன் என் புறங்கை பலகையில் பட்டது. அடித்த அடியில் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தேன். மகன் பாய்ந்து இணைப்பைத் துண்டித்தான். சற்று நேரம் கழித்துக் கேட்டான்: "பன்னிரண்டு வோல்ட் இப்படியா அடிக்கும்?"

எனக்கு விடை தெரிந்திருந்தது; அவனுக்கு உறுதிமொழி கொடுத்தபோதுதான் அதை நினைக்கவில்லை. மின்மாற்றியின் இரு சுருள்களும் ஒன்றையொன்று தொடாதவை. காந்தப் புலத்தால் மட்டும் உறவாடுபவை. அந்தத் தடுப்புச் சுவர் இல்லாத இடத்தில் 12 என்பது இரு முனைகளுக்கு இடையிலான வேறுபாடு மட்டுமே. தரையில் நிற்கும் மனிதனுக்கு அப்பலகை முழுவதும் 230 வோல்ட் வீட்டு மின்சாரமே.

மறுநாள் முறையாகப் பார்த்தோம். இணைப்பை அகற்றி, மின்தேக்கியில் தேங்கியதை ஒரு மின்தடை வழியே வடியவிட்டு, அதன் ஒரு காலைக் கழற்றி அளந்தோம். மேலே அச்சிட்டிருந்த அளவு 0.68 மைக்ரோபாரட், மீட்டர் காட்டியது 0.12. இவ்வகை மின்தேக்கியின் உட்படலத்தில் மின்னழுத்தத் தாக்குதலால் துளை விழுந்தால், அவ்விடத்து உலோகப் பூச்சு ஆவியாகித் தன்னைத்தானே காத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் சிறிது பரப்பை இழக்கும். வெளித்தோற்றத்தில் மாற்றமே இராது.

முன்பு ஏறத்தாழ 49 மில்லி ஆம்பியர் தந்த அது இப்போது தந்தது 9-க்கும் குறைவு. ரிலேக்கு மட்டுமே 30 வேண்டும். சும்மா இருக்கையில் 12 வோல்ட் சேரும், ரிலே இழுத்ததும் அது சரியும், ரிலே விட்டுவிடும், மீண்டும் சேரும். 'டிக், டிக்' ஓசையின் பொருள் இதுவே. சுமையில்லாத நேரத்து அளவை நம்பி நல்ல ரிலேயைக் குற்றவாளியாக்கியிருந்தேன்.

செங்கோட்டைக்கு எதிரேயுள்ள லஜ்பத் ராய் சந்தைக்கு மகனையும் அழைத்துச் சென்றேன். கடைக்காரர் முதலில் 400 வோல்ட் நேர்மின்சாரத்துக்கான சாதாரண மின்தேக்கியை நீட்டினார். எண் பெரிது, ஆனால் மாறுமின்சாரத்தை நாள்தோறும் தாங்க வேண்டிய இடத்தில் அது தீப்பிடிக்கவும் கூடும். 275 வோல்ட் மாறுமின்சாரத்துக்குரிய 'எக்ஸ் 2' வகையைக் கேட்டு வாங்கினோம். அதைப் பொருத்தியதும் ரிலே ஒரே ஒரு முறை ஒலித்து அடங்கியது.

அன்று மாலை, கட்டுப்போட்ட கையோடு மூதாட்டி படியில் நின்று விளக்கைப் பார்த்து எங்களை வாழ்த்தினார். எனக்கு மகிழ்ச்சியைவிட நாணமே மிகுதி. தந்தை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிக் கை நீட்டியவனுக்கு நான் சொன்னது பொய். அவனிடம் அதை ஒப்புக்கொண்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியை மூடுமுன் ஒரு துண்டுத் தாளில் 'உள்ளே 230 வோல்ட்' என்று இந்தியிலும் தமிழிலும் எழுதி, மூடியின் மேல் ஒட்டினான்.