நாடா எறியும் மணிக்கட்டு

காஞ்சிபுரம் ஓரிக்கையில் நெசவாளர் தெருவுக்குள் நுழைந்தால் தறிச் சத்தம்தான் முதலில் வரவேற்கும். நான் தேடிப் போன வீட்டில் அந்தச் சத்தம் இல்லை. பாதி நெய்த முகூர்த்தப் புடவை பாவோடு அப்படியே நின்றிருந்தது. கோர்வைத் தறி. உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா. குழியில் உட்கார்ந்தவர் மிதியை மிதித்து நெய்ய, பக்கத்தில் இருப்பவர் கரை நாடாவைக் கோத்துத் திருப்பித் தர வேண்டும். அந்தப் பக்கத்துக் கை, வீட்டுக்கார அக்காவுடையது. ஐம்பதைத் தாண்டியவர். முற்றத்து ஈரத்தில் வழுக்கி, வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்துவிட்டார்.

"கை மடங்கி, கரண்டிக் காம்பு மாதிரி வளைஞ்சிடுச்சு தம்பி" என்றார்.

இந்த வளைவை எக்ஸ்ரே வருவதற்கு வெகு காலம் முன்பே, 1814இல், அயர்லாந்தின் அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் எழுதிவைத்தார். கட்டைவிரல் பக்கமுள்ள ஆரை எலும்பு மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிந்து, முறிந்த துண்டு புறங்கைப் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

பிறகு, காஞ்சிபுரத்தில் ஒரு மருத்துவமனையின் கட்டுப் போடும் அறையில் இன்னொருவருக்கு இதே முறிவைச் சரிசெய்வதைப் பார்த்தேன். முறிந்த இடத்திலேயே மரப்பு ஊசி. உதவியாளர் மடித்த முழங்கைக்கு மேலே இறுகப் பிடித்துக்கொள்ள, மருத்துவர் விரல்களைப் பற்றி நிதானமாக, விடாமல் இழுத்தார். பிறகு தன் கட்டைவிரலால் துண்டை அழுத்தி இடத்துக்குக் கொண்டுவந்தார். பஞ்சைச் சுற்றியதும், கட்டுப் போடுபவர் மாவுச் சுருளைத் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி அடங்கும்வரை காத்திருந்து எடுத்தார். கையைச் சுற்றி முழுதாக மூடவில்லை. வீக்கத்துக்கு இடம் வேண்டுமே! உள்ளங்கை ரேகையோடு கட்டை நிறுத்தினார். விரல்கள் ஐந்தும் மடங்க வேண்டும், அதுவும் அன்றைக்கே. எனக்கு அந்த அறையிலேயே பெரிய வித்தையாகப் பட்டது இந்த அளவுதான்.

அக்காவைப் புத்தூர் கட்டுக்கு அழைத்துப்போகச் சொன்னவர்கள் பலர். பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை என்று தலைமுறைகளாக நம்பப்படும் கட்டு அது. அந்த நம்பிக்கையை நான் இளக்காரமாக நினைக்கவில்லை. ஆனால் எங்கே போட்ட கட்டானாலும், மாவுக்கட்டே ஆனாலும், விரல் நீலம் பாய்ந்தால், மரத்துப்போனால், தாங்க முடியாமல் வலித்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ரத்த ஓட்டம் நின்றால் கையே போய்விடும்.

தகடோ கம்பியோ வைக்க வேண்டுமா, மாவுக்கட்டே போதுமா என்பதுதான் வீட்டில் நடந்த அடுத்த வாக்குவாதம். 2022இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று, எலும்பை இழுத்துச் சரிசெய்த 500 பேரில் கம்பி செருகியவர்களையும் மாவுக்கட்டு போட்டவர்களையும் ஒப்பிட்டது. ஓராண்டு முடிவில் கையின் செயல்பாட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மாவுக்கட்டு போட்டவர்களில் எட்டில் ஒருவருக்கு எலும்பு நகர்ந்து, ஆறு வாரத்துக்குள் அறுவை தேவைப்பட்டது. அதனால்தான் முதல் இரண்டு வாரத்தில் மறுபடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள். வலி குறைந்ததும் பலர் தவறவிடுவதும் அதைத்தான். மூட்டுக்குள்ளேயே சிதறிய முறிவு என்றால் கணக்கு வேறு.

கடைசியில் போட்ட மாவுக்கட்டைப் பிரித்தபின் அக்காவின் கை மெலிந்து விறைத்திருந்தது. கட்டைவிரலைத் தூக்க முடிகிறதா என்று ஒவ்வொரு முறையும் மருத்துவர் சோதித்தார். எலும்பு கூடியபின்னும் அந்த விரலின் தசைநாண் தேய்ந்து அறுந்துபோவது உண்டாம். மாதவிடாய் நின்றபின் நின்ற உயரத்திலிருந்து விழுந்தே மணிக்கட்டு முறிந்தால், எலும்பு அடர்த்தியையும் பார்த்தாக வேண்டும். அடுத்து முறிவது இடுப்பாக இருக்கலாம். அக்காவுக்கு அதை யாரோ ஒருவர் சொன்னதே எனக்குப் பெரிய ஆறுதல்.

நெய்தால்தான் கூலி. அவர் கணவரால் தனியாகக் கோர்வை போட முடியாது. துணைக்கு ஆள் வைத்தால் கூலியில் பாதி அங்கே போகும். "எப்ப உட்காரலாம்?" என்று அக்கா கேட்டபோது, மருத்துவர் தறியில் கை எப்படி அசைய வேண்டும் என்று செய்துகாட்டச் சொன்னார். பார்த்துவிட்டு, முதலில் நாடாவுக்கான நூலைத் தாராகச் சுற்றலாம், கரை நாடா பிறகு என்றார். நான் போன அன்று அக்கா இடது கையால் ராட்டையைச் சுழற்றி, வலது விரல்களுக்கிடையே பட்டு இழையை ஓடவிட்டுத் தார் சுற்றிக்கொண்டிருந்தார்.