ஒரு கையெழுத்தும் அரைநாளும்

பொறுமையின் சிறப்பைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயினும், எதற்காகக் காத்திருக்கிறோம் என்று அறியாமல் காத்திருப்பதும் பொறுமைதானா என்னும் ஐயம், 2016ஆம் ஆண்டு ஒரு கையெழுத்தின் முன்னால் எனக்குப் பிறந்தது.

காயல்பட்டினத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் திருநெல்வேலிக்குப் புறப்பட்ட என் தம்பியை, மஃரிபுக்குச் சற்று முன்பு ஒரு லாரி மோதித் தள்ளிவிட்டது. ஆஸ்பத்திரியில் நான் கண்டபோது அவனுக்கு நினைவிருந்தது. விலா எலும்புகள் நான்கு முறிந்து மார்புக்குள் இரத்தம் கட்டியிருந்தது. மண்ணீரல் கிழிந்திருந்தது. இடுப்புக்குச் சற்று மேலே முள்ளெலும்பு ஒன்று நொறுங்கியிருந்தது. கால்விரல்களை மட்டும் அசைத்துக் காட்டி, "காக்கா, நான் நடப்பேனா?" என்றான்.

"முதுகை உடனே சரிசெய்யச் சொல்" என்று மாமா துடித்தார். டாக்டர் மறுத்தார். "முதுகில் அறுவை செய்ய இவரைக் குப்புறப் படுக்கவைக்க வேண்டும். மணிக்கணக்கில் ஆகும், இரத்தமும் போகும். இந்த மார்பு இன்றிரவு அதைத் தாங்காது. முதலில் உயிர், பிறகு முதுகு."

அன்றிரவு மார்பில் குழாய் பொருத்தினார்கள். வயிற்றைத் திறந்து இரத்தப்போக்கை நிறுத்தினார்கள். பின்னர், சில மணிக்கொருமுறை இரத்தத்தில் லாக்டேட் என்னும் பொருளின் அளவைப் பார்த்தார்கள். உறுப்புகளுக்குப் போதிய இரத்தமும் பிராணவாயுவும் கிட்டாதபோது அது ஏறும். உடல் மீளும்போது இறங்கும். அவர்கள் எதிர்பார்த்திருந்தது அந்த இறக்கத்தையே.

மூன்றாம் நாள் வைகறையில் டாக்டர் அழைத்தார். "அளவு இறங்கிவிட்டது. இன்றே முதுகை நிலைப்படுத்திவிடலாம்" என்று ஒப்புதல் தாளை நீட்டினார். முந்தாநாள் அவசரப்படுத்திய அதே உறவினர்கள், "வயிற்றுப் புண்ணே ஆறவில்லை, ஒரு வாரம் போகட்டும்" என்றார்கள். உம்மா அழுதார்கள். நான் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டேன்.

நண்பகலில் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. நிமிர்ந்து உட்கார முடியாதவனால் இருமிச் சளியைத் துப்ப முடியவில்லை. நால்வர் சேர்ந்து மரக்கட்டையைப் போல அவனைப் புரட்டினார்கள். அஸருக்குப் பின் கையெழுத்திட்டேன். அன்று மாலையே திருகாணிகளும் கம்பிகளும் வைத்து முதுகை நிறுத்தினார்கள். ஆனால் நுரையீரலில் சளிக்காய்ச்சல் முற்றி, பல நாட்கள் சுவாசக் கருவியில் கிடந்தான். அந்த அரைநாள்தான் காரணமென்று எவரும் சொல்லவில்லை. இல்லையென்று என் மனமும் சொல்லவில்லை.

பின்னர் படித்தறிந்தேன். பல காயமுற்றோர் அறுவையைத் தாங்கார் என்று வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்திய காலம் ஒன்று இருந்தது. 1989இல் அமெரிக்காவின் டாலஸ் நகர மருத்துவர்கள், தொடையெலும்பு முறிந்த 178 பேரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். பல காயமுற்றோரில், 24 மணி நேரத்துக்குள் எலும்பு பொருத்தப்பட்டவர்களுக்கு நுரையீரல் கேடுகள் குறைந்திருந்தன. எல்லாரையும் உடனே அறுப்பதும் ஆபத்தே என்பது பிறகு தெளிவாயிற்று. 2013இல் கிளீவ்லாந்து மருத்துவர்கள் ஒரு நடுவழி கூறினார்கள்: லாக்டேட் 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கி, இரத்தத்தின் அமிலநிலையும் சீரடைந்தால், முதுகெலும்பையும் தொடையெலும்பையும் 36 மணி நேரத்துக்குள் நிலைப்படுத்தலாம்.

தண்டுவடம் நசுங்கிக் கைகால் தளர்ந்தால் அவசரம் இன்னும் மிகுதி. கழுத்துத் தண்டுவடக் காயமுற்றோரைப் பற்றி 2012இல் வெளிவந்த ஆய்வில், 24 மணிக்குள் அறுவை பெற்றோரில் 19.8 விழுக்காட்டினர் ஆறு மாதத்தில் இரு படிகளேனும் தேறினர். பிந்திப் பெற்றோரில் 8.8 விழுக்காட்டினரே.

தம்பி இன்று நடக்கிறான். அந்த அரைநாளைப் பற்றி அவன் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இத்தகைய வாசலில் நிற்க நேரும் குடும்பத்தாருக்கு ஒன்று சொல்வேன்: "உடனே செய்யுங்கள்" என்றும் "ஆறப்போடுங்கள்" என்றும் வற்புறுத்தாதீர்கள். "எதற்காகக் காத்திருக்கிறீர்கள்? அது எப்போது நிறைவேறும்?" என்று டாக்டரைக் கேளுங்கள். நிறைவேறிவிட்டது என்று அவர் சொன்னபின், பேனாவைப் பையில் வைக்காதீர்கள்.