கைமுதல்

வாணிகம் செய்வார்க்கு முதல் வேண்டும் என்பதை யாவரும் அறிவர். பணம் வைத்துச் சீட்டாடுவார்க்கும் முதல் உண்டென்பதும், அதனைப் பேணுதற்கென வகுத்த நெறிமுறைகள் உண்டென்பதும் நம்மவர் பலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். இத்தகையதொரு பொருளைத் தமிழ்ச் சங்க மலரில் எழுதுதல் தகுமோ எனக் கேட்பாரும் இருப்பர். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவே சூதுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கினார். அவ்வதிகாரத்தின் முதற் குறளிலே தோற்றவனை விடுத்து, வென்றவனைக் குறித்தே பேசினார். ஆதலின் வெற்றியின் கணக்கை ஆராய்வது தமிழ் மரபுக்குப் புறம்பன்று என்ற துணிவோடு தொடங்குகிறேன்.

என் ஊர் தொண்டைமானாறு. செல்வச் சந்நிதி முருகன் கோயிலாலும், உயர்தர மாணவர்க்கு வெளிக்கள நிலையம் நடத்தும் பரீட்சைகளாலும் பிற ஊரார் அறிந்த ஊர். அங்கே சீட்டாட்டம் என்றால் முந்நூற்றுநான்குதான். 32 தாள்கள், இனமொன்றுக்கு 76 புள்ளிகள், நான்கு இனத்துக்கும் 304. ஆடுதன், கிளாவர், இஸ்கோப்பன் என்று எமது பெரியோர் வாயில் வழங்கும் பெயர்கள் ஒல்லாந்தர் விட்டுச் சென்றவை. கோட்டைகளை அறிந்த அளவுக்கு இச்சொற்களின் பிறப்பை நாம் அறிந்திலோம். நிற்க. நான் கண்ட கூட்டங்களில் எவரும் காசு வைத்து ஆடியதில்லை. தோற்ற சோடி தேநீர் வாங்கிக் கொடுக்கும், அவ்வளவே. எதிரே ஒரு கூட்டாளி இருப்பான், அவனைத் திட்டலாம். தோல்வி அன்றிரவோடு முடியும். ஆகவே கைமுதல் என்னும் எண்ணத்துக்கே அவ்வாட்டத்தில் இடமில்லை.

போக்கரை நான் கற்றது மேற்படிப்புக்காக இங்கிலாந்திலே இருந்தபோது. அங்கே உரிமம் பெற்ற இணையத் தளங்களில் ஒரு சதம், இரண்டு சதம் வைத்தும் ஆடலாம். இவ்வாட்டத்திலே கூட்டாளி இல்லை. கையிலுள்ள தாள் நன்றாயினும் தோற்கலாம், தீதாயினும் வெல்லலாம். திறமை உண்டெனில் அது நெடுங்காலத்தில்தான் வெளிப்படும். அந்நெடுங்காலம் வருமுன் கைப்பணம் தீர்ந்துவிடாதபடி பார்த்துக்கொள்வதே கைமுதல் பேணுதல்.

இதனை உலகறியச் செய்து காட்டியவர் கிறிஸ் பேர்குசன் என்னும் அமெரிக்கர். கணினி விஞ்ஞானத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 2000 ஆம் ஆண்டில் உலகத் தொடரின் பிரதான போட்டியை வென்றவர். 2006 இல் ஒரு சதமும் இடாமல், கட்டணமில்லாப் போட்டிகளில் கிடைத்த சில்லறையைக் கொண்டு தொடங்கி, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் 10,000 டொலர் சேர்த்தார். அவர் தமக்கு விதித்துக்கொண்ட விதிகள் எளியவை. காசு மேசையிலும் ஒற்றை மேசைப் போட்டியிலும் கைமுதலின் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் வைப்பதில்லை. பல மேசைப் பெரும் போட்டிகளில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் வைப்பதில்லை; தொடக்கத்தில் மட்டும் ஒரு டொலர் வரை விலக்கு. காசு மேசையில் தமக்கு முன்னுள்ள பணம் கைமுதலின் பத்திலொன்றைத் தாண்டினால் எழுந்துவிடுவது. கடைசி விதியே கடினமானது என்பது என் எண்ணம். தோற்கும்போது எழுந்தவர் பலர். வெல்லும்போது எழுந்தவரை நான் கண்டது குறைவு.

ஆட்டவகைக்கு ஒரு வீதம் ஏன்? உயர்தர வகுப்பில் இணைந்த கணிதம் பயின்றோர்க்கு விடை கடினமன்று. ஒன்பது பேர் அமரும் ஒற்றை மேசைப் போட்டியில் மூவர்க்குப் பரிசு. சராசரி ஆட்டக்காரன் பத்துப் போட்டிகளில் தொடர்ந்து வெறுங்கையோடு திரும்பும் நிகழ்தகவு நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. நூற்றுக்குப் பதினைந்து பேரே பரிசு பெறும் பெரும் போட்டியில் அதே நிகழ்தகவு ஏறத்தாழ இருபது. பரிசு பெரிதாகப் பெரிதாக வறட்சியும் நீளும். வறட்சி நீள நீள வைக்கும் பங்கு குறைய வேண்டும். காசு மேசையோ மெல்லென நகர்வது. அங்கே எழுந்து போகும் உரிமை எப்போதும் நம் கையில் உண்டு.

நான் 40 டொலருடன் தொடங்கினேன். நூற்றுக்கு ஐந்து என்றால் இரண்டு டொலர். ஒரு சதமும் இரண்டு சதமும் கட்டாயப் பந்தயமாக வைக்கும் ஆகக் கடைநிலை மேசையில் அமர்வதற்கு வேண்டிய தொகையும் அதுவே. இரண்டு குளிர்காலங்களில், இரண்டு மேசைகளில் ஒருங்கே, ஏறத்தாழ 40,000 சுற்றுகள் ஆடி ஒவ்வோரிரவும் குறிப்பேட்டில் பதிந்தேன். ஏனைய போட்டிகளில் வரவும் செலவும் ஏறக்குறைய நேராயின. காசு மேசையில் 27 டொலர் மிஞ்சியது. செலவிட்ட நேரம் 270 மணித்தியாலம் அளவில். மணித்தியாலத்துக்குப் பத்துச் சதம்! விடுதி நண்பர்கள் இதனைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அந்த 27 டொலரும் திறமையால் வந்ததென்று என்னால் நிறுவ முடியவில்லை. நல்ல ஆட்டக்காரனொருவன் நூறு சுற்றுக்குப் பெரிய கட்டாயப் பந்தயத்தின் ஐந்து மடங்கு ஈட்டலாம் எனக் கொண்டால், 40,000 சுற்றுக்கு 40 டொலர் வரவேண்டும். ஆனால் நூறு சுற்றின் நியம விலகல் அப்பந்தயத்தின் தொண்ணூறு மடங்கு அளவினது. முழுக் கணக்குக்கும் அது 36 டொலராகிறது. இலாபமும் நட்டமும் இல்லாத ஒருவனுக்கும் நூற்றில் இருபது தடவைக்கு மேல் என் 27 டொலர் வாய்த்திருக்கக் கூடும். போக்கர் திறமை ஆட்டமா, அதிட்ட ஆட்டமா என நீதிமன்றங்கள் வாதிட்டு வந்தன. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. திறமையாயினும் அதிட்டமாயினும் பணம் வைத்து இணையத்தில் ஆடுவதைத் தடுக்கும் சட்டத்தை 2025 ஓகஸ்டில் இந்தியப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. என் குறிப்பேட்டை இரு தரப்பாரும் சான்றாகக் காட்டலாம்!

ஊர் திரும்பிய பின் சின்னம்மாவின் மகன் என்னிடம் வந்தான். உயர்தரப் பரீட்சை எழுதிப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருப்பவன், கணக்கில் கெட்டிக்காரன். கணினி வகுப்புக்கென அக்கா ரொறன்ரோவிலிருந்து அனுப்பிய பணத்தில் 40 டொலர் அவனிடம் மிஞ்சியிருந்தது. பேர்குசனின் கதையை எங்கோ படித்திருந்தான். "அண்ணை, ஒண்டுமில்லாமல் துவங்கி அவர் பத்தாயிரம் ஆக்கியிருக்கிறார். நாற்பதை வைச்சு என்னாலை ஏலாதோ?" என்றான்.

விதிகளை அவனுக்கு மறைக்கவில்லை. ஆனால் அவ்விதிகள் சொல்லாமலே மேற்கொள்ளும் ஓர் எடுகோள் உண்டு. கைமுதல் வேறு, சீவனப் பணம் வேறு. நூற்றுக்கு ஐந்து என்னும்போது, எந்த நூற்றுக்கு? எங்கள் கடனீரேரியின் வாயிலில் உவர்நீரைத் தடுக்க ஓர் அணை உண்டு. அதன் கதவுகள் பழுதுற்ற காலங்களில் உப்பு உள்ளே புகுந்ததை ஊரார் அறிவர். என் 40 டொலர் போயிருந்தால் எனக்கு ஒருவேளை உணவும் குறைந்திராது. அவனுக்கோ, அப்பணம் தீர்ந்தால் அக்காவிடம் மறுபடி கேட்கலாம் என்னும் எண்ணம் மனத்தின் ஓரத்தில் இருந்தது. அக்கா குளிரில் வேலைக்குப் போய் உழைக்கும் சம்பளம் முழுவதும் அவன் அறியாமலே அவனுடைய கைமுதலாகிவிடும். அத்தகைய முதலுக்கு வீதம் கணிக்க எக்கணிதமும் உதவாது.

பேர்குசனின் கதையில் அவன் படிக்காத பகுதியையும் சொன்னேன். அவர் அந்தப் பத்தாயிரத்தைச் சேர்த்தது புல் ரில்ற் போக்கர் என்னும் தளத்தில். அதன் பணிப்பாளருள் அவரும் ஒருவர். 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு அத்தளத்தையும் வேறு சிலவற்றையும் முடக்கியது. ஆட்டக்காரர்க்கு அந்நிறுவனம் கொடுக்க வேண்டியது ஏறத்தாழ 390 மில்லியன் டொலர், 2011 மார்ச் இறுதியில் வங்கியில் இருந்ததோ ஏறத்தாழ 60 மில்லியன் மட்டுமே என அந்நாட்டு நீதித் திணைக்களம் குற்றஞ்சாட்டியது. ஆட்டக்காரரின் வைப்பும் நிறுவனத்தின் பணமும் பிரித்து வைக்கப்படவில்லை. பேர்குசன் தவறு எதனையும் ஒப்புக்கொள்ளாமலே 2013 இல் வழக்கைத் தீர்த்துக்கொண்டார். 2018 இல் ஆட்டக்காரரிடம் மன்னிப்புக் கோரினார். 2012 இல் போக்கர் ஸ்ரார்ஸ் என்னும் நிறுவனம் அத்தளத்தை ஏற்ற பின்னரே பலர்க்குப் பணம் மீண்டது. தம் கைமுதலைச் சதம் சதமாகக் காத்தவர் பணிப்பாளராக இருந்த இடத்திலே பிறர் கைமுதலுக்கு அணை இல்லாமற் போயிற்று. சூதின் வரலாற்றில் இதனினும் விசித்திரமானதொன்றை நான் படித்ததில்லை.

தம்பி ஒன்றும் பேசாது பழைய மாதிரி வினாத்தாளொன்றின் பின்புறத்தை எடுத்துக் கணக்கிடத் தொடங்கினான். ஒற்றை மேசைப் போட்டிக்கு ஒரு டொலர்; அதற்கு மேல் தளத்துக்குப் பத்துச் சதம். ஒன்பது பேருக்கு 90 சதம். நாளொன்றுக்கு ஆயிரம் மேசைகள் எனத் தானே ஓர் எண்ணை வைத்துக்கொண்டு பெருக்கினான். 900 டொலர் வந்தது. அதன் கீழே இரண்டு கோடு இழுத்தான். "அந்தப் பக்கம் இருக்கிறவைக்கு நியம விலகலும் இல்லைப் போலை, அண்ணை" என்றான்.

அவனுடைய கணக்கில் நான் திருத்துவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அன்று மாலை முந்நூற்றுநான்குக்கு ஓராள் குறைகிறதென்று வாசலில் கூப்பிட்டார்கள், போய்விட்டான். அந்த 40 டொலரை என்ன செய்தான் என்று நான் கேட்கவில்லை.